குன்னூர் குடோனும் உலக ஃபோர்க்லிஃப்ட் சந்தையும்

தேயிலை தன்னைச் சுற்றியுள்ள வாசனையை எளிதில் உள்வாங்கிக்கொள்ளும் பொருள். மூட்டைகள் அடுக்கிய மூடிய குடோனுக்குள் டீசல் வண்டி தொடர்ந்து ஓடினால், அதன் புகை வாடை தூளில் ஏறிவிடும். குன்னூரில் ஏலத்துக்கு முன்பு மாதிரிகளைச் சுவைத்துப் பார்க்கிறவர்கள் அதை முதல் மிடறிலேயே கண்டுகொள்வார்கள். அந்த லாட்டின் விலையும் அப்போதே சரிந்துவிடும். ஆகவே நீலகிரியின் தேயிலைக் கிடங்குகளில் மின்சார ஃபோர்க்லிஃப்ட் (சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டி) என்பது சுற்றுச்சூழல் அக்கறையால் வந்த புதுப்பழக்கம் அன்று. சரக்கைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயத்தால் வந்தது. குன்னூரில் தேயிலைக் கிடங்கு ஒன்றின் பொறுப்பாளனாகப் பல ஆண்டுகள் பணியாற்றிவரும் எனக்கு, இந்த வண்டிகளை வாங்குவதும் பராமரிப்பதும் அன்றாட வேலையின் ஒரு பகுதி. முன்பெல்லாம் வண்டி வாங்க விலைப்புள்ளி கேட்டால் ஜப்பான், ஜெர்மனி, மும்பை என்று நாலைந்து பெயர்கள்தான் மேசைக்கு வரும். இன்று அதே மேசையில் சீனாவின் ஹாங்சோவிலிருந்தும் ஹெஃபேயிலிருந்தும் வரும் வண்டிகளின் பட்டியல்கள் கிடக்கின்றன. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது, மலைமேல் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதனால் என்ன நன்மை, எதில் கவனம் தேவை என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

பழைய ஒழுங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகின் மிகப்பெரிய ஃபோர்க்லிஃப்ட் தயாரிப்பாளரான டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ், 1926-இல் சகிச்சி டொயோடா தானியங்கித் தறிகளைச் செய்வதற்காகத் தொடங்கிய நிறுவனம். 1956-இல் முதல் டொயோட்டா ஃபோர்க்லிஃப்ட் வெளிவந்தது. 2000-இல் ஸ்வீடனின் பிடி நிறுவனத்தை வாங்கியபோது, அதற்குச் சொந்தமான அமெரிக்க ரேமண்டும் சேர்ந்தே வந்தது. குறுகலான இடைவழிகளில் ஓடும் மின்சார வண்டிகளில் இவ்விரண்டும் பெயர்பெற்றவை. ஜெர்மனியில் லிண்டே, ஸ்டில் என்னும் இரு பெயர்களும் 2006-இல் கியோன் குழுமம் என்ற ஒரே கூரையின்கீழ் வந்தன. 1953-இல் ஹாம்பர்கில் தொடங்கப்பட்ட யுங்ஹைன்ரிக் நிறுவனம் தொடக்கம் முதலே மின்சார வண்டிகளில் ஊன்றி நின்றது. அமெரிக்காவில் க்ரௌன், ஹைஸ்டர்-யேல். நம் நாட்டில் கோத்ரெஜும் வோல்டாஸும். வோல்டாஸின் ஃபோர்க்லிஃப்ட் தொழில் 2011-இல் கியோனுடன் கூட்டு முயற்சியாகிப் பின்னர் கியோனின் கைக்கே போய்விட்டது.

அந்தக் காலத்தில் ஒரு நிறுவனத்தை இன்னொன்று எளிதில் நெருங்க முடியாமல் காத்தவை இரும்பு சார்ந்த நுட்பங்கள்தாம். மாஸ்ட் எனப்படும் தூக்குச் சட்டகம் உயரத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். ஹைட்ராலிக் வால்வு, சுமையைக் குலுக்காமல் இறக்க வேண்டும். முன்னால் தூக்கும் சுமைக்கு ஈடாகப் பின்புறம் இருக்கும் எதிர் எடை சரியாக வார்க்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றை நன்றாகச் செய்யக் கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. பேட்டரியோ எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. யார் செய்த வண்டியானாலும் அதற்குள் இருந்தது ஈய அமில பேட்டரிதான். அதைச் செய்தவர் வேறொருவர், பழுது பார்ப்பவர் இன்னொருவர்.

அந்த ஈய அமில பேட்டரியோடு வாழ்வது எப்படியென்று கிடங்கில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். 48 வோல்ட் பேட்டரி என்றால் இரண்டு வோல்ட் செல்கள் இருபத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனி மூடி. சார்ஜ் முடிந்த பிறகு ஒவ்வொரு மூடியாகத் திறந்து, தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா என்று பார்த்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறுவதற்கு முன்பே நிறைய ஊற்றிவிட்டால், சூடேறும்போது அமிலம் பொங்கி வழிந்து இரும்புப் பெட்டியை அரிக்கும். ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு அடர்த்தியைக் குறித்து வைத்தால், எந்தச் செல் பலவீனமாகிறது என்பது முன்கூட்டியே தெரியும். ஏறத்தாழ எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர சார்ஜ், அதன் பிறகு ஆற விடும் நேரம் என்று ஒரு நாள் முழுவதும் அதைச் சுற்றியே கழியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் அதற்குக் காற்றோட்டமான தனி அறை வேண்டும். குன்னூரில் மழைக்காலத்துக் குளிருக்குக் கதவையும் சன்னலையும் சாத்தி வைப்பதே பழக்கம் என்பதால், அந்த அறையின் சன்னலைத் திறந்தே வைக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருக்கும். குளிரில் இந்த பேட்டரியின் கொள்ளளவும் குறையும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பிற்பகலுக்கு முன்பே மாஸ்ட் தயங்கத் தொடங்கும்.

இத்தனை இடர்களுக்கு நடுவிலும் ஈய அமில பேட்டரிக்கு ஒரு பெரிய நற்பண்பு உண்டு. ஒரு செல் செத்தால் அந்த ஒரு செல்லை மாற்றலாம். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அதைச் செய்யத் தெரிந்த கைகள் நிறைய. இதைப் பிறகு மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

உலகப் போட்டியின் முகத்தை மாற்றியது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வேதிப்பொருள். 1990-களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழு இதை பேட்டரிக்கு ஏற்ற பொருளாக அடையாளம் கண்டது. அதைப் பெருமளவில், மலிவாகச் செய்யக் கற்றுக்கொண்டதோ சீனா. கார்களுக்கும் பேருந்துகளுக்கும் எனத் தொடங்கிய அந்த உற்பத்தி பெருகப் பெருக, லித்தியம் பேட்டரித் தொகுதிகளின் உலகச் சராசரி விலை பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 2024-இல் ஒரு கிலோவாட் மணிக்கு 115 டாலர் என்று ப்ளூம்பெர்க் என்இஎஃப் என்னும் ஆய்வு நிறுவனம் கணித்தது. யுங்ஹைன்ரிக் 2011-இலேயே லித்தியம் அயன் பேட்டரியுடன் பேலட் வண்டியை (சரக்கு அடுக்கிய பலகையைத் தூக்கி நகர்த்தும் தாழ்வான வண்டி) விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனவே ஐரோப்பியர்கள் தூங்கிவிட்டார்கள் என்று சொல்வது சரியாகாது. ஆனால் செல்களை உற்பத்தி செய்யும் ஆலைகள் அவர்களிடம் இல்லை. சீனாவின் பிஒய்டி போன்ற ஒரு நிறுவனத்துக்கு பேட்டரியும் சொந்தம், அது ஓட்டும் வண்டியும் சொந்தம்.

இன்னொரு வழியை ஹாங்சோவைச் சேர்ந்த ஈபி எக்விப்மென்ட் பிடித்தது. மின்சார ஃபோர்க்லிஃப்ட் என்றால் கூரையின்கீழ், வழவழப்பான தரையில் மட்டும் ஓடுவது என்றிருந்த எண்ணத்தை அது விட்டுவிட்டது. டீசல் வண்டிகளுக்கான உறுதியான சட்டகம், பெரிய சக்கரம், மழையைத் தாங்கும் உடல் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சின் இருந்த இடத்தில் லித்தியம் பேட்டரியைப் பொருத்தியது. வெளி முற்றத்தில் சாரலிலும் லாரிக்குச் சுமை ஏற்ற வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு இது உண்மையாகவே பயன்படும் சிந்தனை. சீனாவின் பெரிய ஃபோர்க்லிஃப்ட் நிறுவனங்களான ஹாங்சாவும் அன்ஹுய் ஹெலியும் தங்கள் பெரிய உற்பத்தி வரிசைகளை அதே திசைக்குத் திருப்பின.

எண்ணிக்கைகளைப் பார்த்தால் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரியும். 2009 முதல் உலகின் மிகப்பெரிய ஃபோர்க்லிஃப்ட் சந்தை சீனாதான். 2021 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் சீன நிறுவனங்கள் விற்றுவருகின்றன. உலகம் முழுவதும் விற்பனையாவதோ ஏறத்தாழ இருபது லட்சம். ஆனால் இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. இதில் மிகப் பெரும் பங்கு மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. அதாவது நடந்துகொண்டே தள்ளிச் செல்லும் சிறிய மின்சார பேலட் வண்டி. கையால் பம்ப் அடித்து இழுத்துக்கொண்டிருந்த பேலட் வண்டியின் இடத்தில் சின்ன லித்தியம் பேட்டரியுடன் அது வந்தது. விலை மலிவானதால் விற்பனை எண்ணிக்கை எகிறியது. மூன்று டன் தூக்கும் வண்டி ஒன்றும் அத்தகைய சிறு வண்டி ஒன்றும் புள்ளிவிவரத்தில் ஒன்றுதான். வருவாயை வைத்து வரிசைப்படுத்தினால் இன்றும் டொயோட்டாவும் கியோனுமே முன்னணியில் இருக்கின்றன.

மேலும், சீனா ஒரு பக்கம், ஜெர்மனியும் ஜப்பானும் மறுபக்கம் என்று இந்தப் போட்டியைப் பார்ப்பதே பிழையான பார்வை என்று நான் கருதுகிறேன். 2012-இல் சீனாவின் வெய்ச்சாய் பவர் கியோனில் கால் பங்கை வாங்கியது. இன்று அதன் மிகப்பெரிய பங்குதாரர் வெய்ச்சாய்தான். கியோன் 2018-இல் ஈபி நிறுவனத்தில் ஐந்து சதவீதம் எடுத்தது. அதே ஈபியுடன் யுங்ஹைன்ரிக் கைகோத்து, நடுத்தர விலை வண்டிகளுக்கென ஆன்டான் என்ற தனிப் பெயரை 2025-இல் அறிவித்தது. அதற்கு முன்பே ஹெலியுடன் சேர்ந்து சீனாவில் வாடகை நிறுவனம் நடத்தியவர்கள் அவர்கள். ஹைஸ்டர்-யேல் 2018-இல் ஜெஜியாங் மாக்ஸிமல் நிறுவனத்தின் முக்கால் பங்கை வாங்கியது. டொயோட்டா தைவானின் டெய்லிஃப்டைத் தன் கட்டுக்குள் கொண்டுவந்தது. ஆக, ஜெர்மன் பெயர் ஒட்டிய வண்டிக்குள் சீனச் செல்லும், சீனப் பெயர் ஒட்டிய வண்டிக்குள் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய அல்லது அமெரிக்கக் கன்ட்ரோலரும் இருக்கக்கூடும். பெயர்ப்பலகையைப் பார்த்து மட்டும் வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

அரசுகளும் தங்கள் பங்கைச் செய்கின்றன. சீனாவின் கை பேலட் வண்டிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. 2018 முதல் அமெரிக்கா சீன ஃபோர்க்லிஃப்டுகளுக்குக் கூடுதலாக 25 சதவீதம் வரி வாங்குகிறது. மறுபக்கம், லித்தியம் இரும்பு பாஸ்பேட் நேர்மின்முனைப் பொருளைச் செய்யும் தொழில்நுட்பம் வெளியே போவதைச் சீனா 2025 ஜூலையில் கட்டுப்படுத்தியது. டொயோட்டா இண்டஸ்ட்ரீஸுக்கோ வேறு வகைச் சோதனை: எஞ்சின் சான்றளிப்பு முறைகேடுகளால் 2023-இல் ஜப்பானில் சில எஞ்சின் வண்டிகளின் விற்பனையையே நிறுத்த நேர்ந்தது. 2025-இல் டொயோட்டா குழுமம் அந்நிறுவனத்தைப் பங்குச்சந்தையிலிருந்து விலக்கித் தனியாரிடம் வைத்துக்கொள்ளும் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்கக் கதவு குறுகும்போது, அங்கே போகவேண்டிய வண்டிகள் தென்கிழக்கு ஆசியாவையும் இந்தியாவையும் நோக்கித் திரும்புவது இயல்பு. எங்களுக்கு வரும் விலைப்புள்ளிகள் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

இனி மலைக்கு வருவோம். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டர். டர்போ இல்லாத டீசல் எஞ்சின், நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு சதவீதம் வலுவை இழக்கும் என்பது பொதுக்கணக்கு. அதன்படி சமவெளியில் சரிவில் ஏறிய வண்டி குன்னூரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வலுவை விட்டுவிட்டுத்தான் ஏறும். மின்மோட்டாருக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை என்பதால் அந்த இழப்பு இல்லை. ஆயினும் சர்வதேசத் தரநிலைப்படி மின்மோட்டாரின் மதிப்பீடு 1,000 மீட்டர் உயரம் வரைக்குமானது. அதற்கு மேலே காற்று மெலிந்திருப்பதால் மோட்டாரும் கன்ட்ரோலரும் குளிர்வது மந்தமாகிறது. குன்னூரின் குளிர் இதில் ஓரளவு ஈடுகட்டும் என்றாலும், தொடர்ந்து சரிவில் ஏறியிறங்கும் வண்டிக்கு உயரத்துக்கேற்ற மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். விற்பனையாளர்கள் பலர் இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதே இல்லை.

சமதளம் என்பது எங்கள் ஊரில் செல்வம். லாரி நிற்கும் இடம் ஓர் உயரம், குடோன் தரை வேறோர் உயரம், இடையில் ஒரு சாய்தளம். பெரும்பாலான தேயிலைக் கிடங்குகளின் அமைப்பு இதுதான். சாய்தளத்தில் சுமையோடு போகும்போது சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி. சாய்வில் திரும்பவே கூடாது. மழையில் பாசி பிடித்த காங்கிரீட்டில் இந்த விதிகளை ஒருமுறை மீறினாலும் உயிருக்கே ஆபத்து. லித்தியம் வண்டியில் இது தொடர்பாக ஒரு நுணுக்கம் உண்டு. ஈய பேட்டரி ஒரு டன் அளவுக்குக் கனத்து, எதிர் எடையின் வேலையையும் சேர்த்துச் செய்தது. லித்தியம் பேட்டரி இலேசானது என்பதால் அந்த எடையை இரும்பாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். பழைய வண்டியில் பேட்டரியை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்லி வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அப்படி மாற்றிய பிறகு, தூக்குதிறன் குறித்த தகட்டை வண்டித் தயாரிப்பாளரின் ஒப்புதலோடு புதுப்பிக்காமல் ஓட்டுவதை நான் அனுமதிப்பதில்லை.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களைச் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது; செய்தால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். குன்னூரில் கூரைக்கு அடியில் இந்த நிலை வராது. ஆனால் உதகையைச் சுற்றி, தலைகுந்தா போன்ற தாழ்வான பகுதிகளில், ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும் இரவுகள் உண்டு. அங்கே திறந்த கொட்டகையில் வண்டியை நிறுத்துகிறவர்கள், சூடேற்றும் அமைப்புள்ள பேட்டரியைக் கேட்டு வாங்குவது நல்லது. மின்சாரத்தைப் பொறுத்தவரை, 1932 முதல் பைக்காராவிலும் பிறகு குந்தாவிலும் மின்சாரம் எடுத்து நாட்டுக்குக் கொடுத்த மலை இது. இருந்தும் தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இருட்டில் இருப்பதும் நாங்கள்தான். இந்த இடத்தில் லித்தியத்தின் சிறப்பை மனமாரப் பாராட்ட வேண்டும். மின்சாரம் வந்த ஒரு மணி நேரத்தில், தேநீர் இடைவேளையில், உணவு நேரத்தில் என்று கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஈய பேட்டரிக்கு அப்படிச் செய்தால் அதன் ஆயுள் குறையும்.

இத்தனையும் லித்தியத்துக்குச் சாதகமாகவே இருக்கும்போது என் தயக்கம் எங்கே இருக்கிறது? பழுதுபார்ப்பதில் இருக்கிறது. லித்தியம் பேட்டரி என்பது மூடி முத்திரையிட்ட பெட்டி. அதற்குள் இருக்கும் மின்னணு மேலாண்மைப் பலகை, வண்டியின் கன்ட்ரோலரோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு சொல் பிசகினாலும் வண்டி நின்றுவிடும். திரையில் ஒரு பிழை எண் மட்டும் தெரியும். அந்த எண்ணின் பொருளை அறியவும், சரிசெய்த பிறகு அதை அழிக்கவும், தயாரிப்பாளரின் மென்பொருளும் கடவுச்சொல்லும் தேவை. எங்கள் கிடங்குக்கு வாடகைக்கு வந்த ஒரு லித்தியம் வண்டி, ஏற்றுமதிச் சரக்கு கொச்சிக்குப் புறப்பட வேண்டிய காலையில் இப்படித்தான் நின்றது. கோவையிலிருந்து பர்லியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்த மெக்கானிக், அனுபவமும் அக்கறையும் உள்ளவர். பிளக்கைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, வோல்டேஜ் பார்த்துவிட்டு, "சார், பேட்டரி நல்லாத்தான் இருக்குதுங்க. கம்பெனி லேப்டாப் இல்லாம இந்த எரர் கோடை என்னால எடுக்க முடியாதுங்க" என்றார். லேப்டாப் சென்னையில் இருந்தது. அன்று லோடுமேன்கள் அத்தனை மூட்டைகளையும் முதுகில் சுமந்தே ஏற்றினார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்திலிருந்து வந்தவர், மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். வண்டி வந்தால் தங்கள் வேலை போகும் என்று அஞ்சியவர்களில் அவரும் ஒருவர். இப்போது வண்டி எப்போது சரியாகும் என்று தினமும் கேட்பவர்.

உலகப் போட்டி எங்கள் வாசலில் எடுக்கும் உருவம் இதுதான். முன்பு இரும்பில் இருந்த மதில், இப்போது மென்பொருளுக்கு மாறிவிட்டது. சீன வண்டியானாலும் ஜெர்மன் வண்டியானாலும் இந்தப் பூட்டு உண்டு. அதைத் திறக்கும் சாவி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பழைய நிறுவனங்களுக்குச் சேவை வலையமைப்பு உண்டு. ஆனால் ஒன்றிரண்டு வண்டி வாங்கும் மலைக்கிடங்கு அவற்றின் வரிசையில் கடைசியில்தான் நிற்கும். புதிதாக வருகிற இறக்குமதியாளர்கள் விற்கும் ஆர்வத்தோடு வருகிறார்கள். ஆனால் அவர்களில் சிலர் இரண்டு ஆண்டுகளில் வேறொரு பிராண்டுக்கு மாறிவிடுகிறார்கள், அப்போது உதிரிபாகத்துக்கு யாரிடம் போவது என்று தெரிவதில்லை. பேட்டரிக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் என்று அச்சிட்டிருப்பதைவிட, அந்த உத்தரவாதத்தை நிறைவேற்றும் மனிதர் கோவையில் இருக்கிறாரா என்பதே எனக்கு முக்கியம்.

ஆகவே இந்த ஆண்டு புதிய வண்டிக்கு விலைப்புள்ளி கேட்டபோது, வழக்கமான தூக்குதிறன், மாஸ்ட் உயரம் ஆகியவற்றோடு வேறு சிலவற்றையும் எழுதிச் சேர்த்தேன். கன்ட்ரோலர் ஒன்றும் சார்ஜர் ஒன்றும் உதிரியாகக் கோவையில் இருப்பில் இருக்க வேண்டும். பிழை எண்களின் முழுப் பட்டியலும், அவற்றைப் படித்து அழிக்கும் கருவியும் எங்கள் கிடங்கிலேயே இருக்க வேண்டும். பேட்டரித் தொகுதிக்குள் தனித்தனி மாட்யூலாக மாற்ற முடிய வேண்டும். 1,850 மீட்டர் உயரத்துக்கும் எங்கள் சாய்தளத்தின் சரிவுக்கும் உரிய மதிப்பீடு கையொப்பத்தோடு வர வேண்டும். மலைப்பாதை மண்சரிவால் மூடியிருக்கும் நாட்களைத் தவிர, அழைத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆள் வராவிட்டால் மாற்று வண்டி தர வேண்டும். அக்கம்பக்கத்துக் கிடங்குக்காரர்களிடமும் பேசியிருக்கிறேன். ஆளுக்கு ஒரு பிராண்டாக வாங்குவதைவிட நாலைந்து பேர் ஒரே வகை வண்டியை எடுத்தால், கோவையில் ஓர் உதிரிபாக அலமாரியை நிரப்பி வைப்பது விற்பனையாளருக்கும் கட்டுபடியாகும். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் இதில் சேர்ந்தால் பேரம் பேசும் வலு இன்னும் கூடும், அவர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெரிய பெயர் கொண்ட ஒரு விற்பனையாளர், பிழை எண் கருவியை வாடிக்கையாளரிடம் தரும் வழக்கமில்லை என்று மறுத்துவிட்டார். மிகக் குறைந்த விலை சொன்னவர் உதிரிபாக இருப்பைப் பற்றி இன்னும் எழுத்தில் தரவில்லை. எல்லா நிபந்தனைகளுக்கும் ஒப்புக்கொண்டவர் சீன வண்டி விற்பவர்தான். கோவையில் சொந்தப் பணிமனை வைத்திருக்கிறார், விலையும் குறைந்தபட்ச விலை அன்று. அந்த விலை வேறுபாடு ஏன் தகும் என்பதை விளக்கும் குறிப்பை எங்கள் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்பந்தம் போடுவதற்கு முன்பு வண்டியை மலைக்கு வரவழைத்து, முழுச் சுமையோடு எங்கள் சாய்தளத்தில் மழை நாளொன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன்.